சுற்றுகிற செடிக்குக் காவல்

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலை. அதன் இலை எப்போது பழுக்கும் என்று உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு வேலை. ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் சக ஜீவன்களே, நம்புங்கள், எனக்கு இரண்டாவதற்குத்தான் சம்பளம்!

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு வாடகை வீடுதான் எங்கள் ஆய்வகம். விண்வெளியில் எடையில்லாமல் மிதந்தால் இலைகளுக்குச் சீக்கிரம் வயசாகுமா என்பது கேள்வி. அங்கே போக நமக்கு ஏது வசதி? அதனால் ஒரு கடுகுச் செடித் தொட்டியைப் படுக்கவைத்து, எது கீழே என்று செடிக்கே புரியாதபடி ஓர் எந்திரம் அதை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு தொட்டி சும்மா நிற்கும். எதில் முதலில் மஞ்சள் தட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

பெண் பார்க்கப் போனேன்

குயிலாப்பாளையத்தில் பெண் பார்த்தோம். எனக்குப் பெண்ணை ரொம்பவே பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். காபி டம்ளரைப் படுக்கவைத்துச் சுற்றிக் காட்டியே விளக்கினேன். ஒப்பந்தம் நீடித்தால் மேலே பேசலாம் என்றார் பெண்ணின் அம்மா. அப்பா மட்டும் வாசல்வரை வந்து, தோளில் கை வைத்துக் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நீங்க வேலைக்கு எங்க போறீங்க?"

மத்தியான ஓய்வு

விடியற்காலையில் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, பிறகு எங்களிடம் பெருக்க வருபவர் மல்லிகா அக்கா. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எந்திரம் நிற்கிறது! நின்றால் அத்தனையும் பாழ். முதலிலிருந்து தொடங்கச் சொன்ன, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியை மேடம், இதுவும் கெட்டால் ஒப்பந்தம் நீளாது என்று போனிலேயே சொல்லிவிட்டார். அக்காவிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"உப்பளத்துலயே மத்தியானம் உக்கார விடுறாங்க. இது என்னா பாவம் பண்ணிச்சு தம்பி?"

மஞ்சள் இலை

இரண்டாவது முறை எந்திரம் நிற்கவே இல்லை. கடைசி நாளில் மஞ்சள் இலைகளை மேடமே வந்து எண்ணுவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாப்பில் இருந்து அவரை அழைத்து வந்து கதவைத் திறந்தேன். இரண்டு தொட்டியும் பச்சைப்பசேல் என்று இருந்தன. ஒரு மஞ்சள் இலைகூட இல்லை. மல்லிகா அக்கா பெருமையாக என் காதோரம் வந்தார். பழுத்த இலையைப் பார்த்தால் மேடம் தம்பியைத் திட்டுவாரே என்று, எல்லாவற்றையும் கிள்ளிப் பெருக்கித் தள்ளிவிட்டாராம்.

என் கல்யாணத்தையும் சேர்த்தல்லவா பெருக்கித் தள்ளியிருக்கிறார்! மேடம் லென்ஸை எடுத்து, தண்டில் கிள்ளிய தழும்புகளை எண்ணத் தொடங்கினார். அவர் சிரமப்படுவதைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"நிக்கிறதுல ரெண்டோ மூணோதான் மேடம். அந்தச் சுத்துறது இருக்குதே, கிள்ளிக் கிள்ளி வெரலே வலிச்சுப் போச்சு!"

தழும்புகளும் அதையேதான் சொல்லின என்பதால் ஒப்பந்தம் நீண்டு, கல்யாணமும் முடிந்து, மாமனார் இப்போதும் வாரம் ஒருமுறை நான் வேலைக்கு எங்கே போகிறேன் என்று அன்பாக விசாரிக்கிறார்.