வேரோனிக்கா ஓட்டிய படகு

வெக்ஸ்போர்டில் வேரோனிக்காவைப் பற்றியோ அவளுடைய புருசன் றெமிஜியஸைப் பற்றியோ ஒருவரும் குறை சொன்னதில்லை. அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவர் ரெக்ஸ்டேலில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றி, அசையாமல் இறுக்கிக் கட்டுகிறவர். அடிக்கிற மனுசனுமில்லை, குடிக்கிற மனுசனுமில்லை. ஆனால் அவள் சொன்ன ஒரு சொல்லை அவர் காதில் வாங்கி அவள் கண்டதில்லை. குசினிச் சுவரின் நிறத்திலிருந்து அவளுடைய தலையிடிக்கு எந்தக் குளிசை என்பதுவரை அவர்தான் முடிவெடுப்பார்.

மல்வேர்னில் இருக்கும் சிநேகிதி நதீஷா தன் வீட்டின் நிலத்துக்குக் கீழிருக்கும் பேஸ்மென்ற் அறையை, அவள் அவரை விட்டு வந்தால் இருக்கவென்று வைத்திருந்தாள். "வாறதெண்டால் கெதியாச் சொல்லு. வேற ஆக்களும் கேக்கினம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மகள் ஏஞ்சலா, அவர்களுடைய கலியாண நாள் பரிசென்று, பீற்றர்பரோப் பக்கக் கால்வாயில் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் தங்க, வீட்டுப்படகொன்றைப் பதிந்துவிட்டாள். படகோட்டத் தெரிந்த ஒருவரும் கூட வருவதில்லை, இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். வேரோனிக்கா மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தாள். அந்தத் தண்ணீருக்குள்ளாவது ஒரு தரம் நான் சொல்வதைக் கேட்டாரென்றால் இருந்துவிடுவேன். கேட்காவிட்டால் நதீஷாவிடம் போய்விடுவேன்.

படகு பஸ்ஸைவிட நீளம். அகலமோ ஒரு கட்டில் போட்டால் சரி. பின்பக்கம் நின்று சுக்கான் தடியைப் பிடித்து ஓட்டவேண்டும். படகுக்காரப் பெண் விளக்கியபோது வேரோனிக்கா கவனமாகக் கேட்டாள். றெமிஜியஸ் வீடியோ எடுத்தார்.

"நீர் உள்ள போய்த் தேத்தண்ணி போடும். நான் ஊர்காவற்றுறையான், தண்ணியில பிறந்தவன்."

"உங்கட அப்பா தபால் கந்தோரிலயெல்லோ வேலை செய்தவர்."

"கந்தோர் கடலுக்குப் பக்கத்திலதானே."

தடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். இதை அவரால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு தரம் நாணலுக்குள் கொண்டுபோய்ச் சொருகினார். பிறகு, "வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது. கொஞ்ச நேரம் நீர் பிடியும்" என்று முன்பக்கம் போய் இருந்துகொண்டார்.

தடியைத் தள்ளிவிட்டுப் பொறுத்திருக்கவேண்டும். ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகுதான் படகின் மூக்கு மெல்லத் திரும்பும். மத்தியானத்துக்குள் அவளுக்குக் கை பழகிவிட்டது. றெமிஜியஸ் திரும்பிப் பார்த்து, "பிழையில்லை" என்றார். இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததில்லை. நதீஷாவுக்கு இல்லையென்றுதான் சொல்லவேண்டிவருமோ என்று வேரோனிக்கா யோசித்தாள்.

முதலாவது லொக் வந்தது. இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவில் படகை நிறுத்தி, தண்ணீரை வடியவிட்டுக் கீழே இறக்குகிற இடம்.

"இஞ்சேருங்கோ, கயிறைக் கட்டிப்போடாதேங்கோ. சுவரில தொங்குற வடத்தில ஒரு சுத்துச் சுத்தி, நுனியைக் கையில வைச்சிருங்கோ. தண்ணி இறங்க இறங்க விட்டுக் குடுக்கவேணும்."

"ஓம், ஓம்."

தண்ணீர் வடியத் தொடங்கியது. பின்பக்கம் அவளோடு சேர்ந்து இறங்கியது. முன்பக்கம் இறங்கவில்லை. உள்ளே கோப்பைகள் சரிந்து உடைகிற சத்தம் கேட்டது. லொறியில் கட்டுகிற அதே முடிச்சை அவர் போட்டிருந்தார். இப்போது படகின் பாரம் முழுக்க அதில் தொங்க, அவராலேயே அதை அவிழ்க்க முடியவில்லை. லொக்கில் வேலை செய்கிற இளம் பெட்டை ஒருத்தி ஓடிவந்து தண்ணீரை நிறுத்தி, கத்தியால் கயிற்றை அறுத்தாள். படகின் முன்பக்கம் தொப்பென்று விழுந்தது.

கட்டச் சொன்னது யார் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். றெமிஜியஸ் பின்பக்கம் கையைக் காட்டினார். "மை வைஃப்."

அந்தப் பெட்டை பின்னுக்கு வந்து, கயிற்றை எப்படிப் பிடிப்பதென்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல வேரோனிக்காவுக்கு முதலிலிருந்து சொன்னாள். வேரோனிக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, ஆங்கிலத்திலேயே "சொறி" என்றாள்.

லொக்கை விட்டு வெளியே வந்ததும் றெமிஜியஸ், "நீர் விளக்கமாச் சொல்லியிருக்கவேணும்" என்றார். பிறகு மகளுக்குப் போன் எடுத்து, "அம்மா கொஞ்சம் பயந்திட்டா. நான் சமாளிச்சிட்டன்" என்று சிரித்தார்.

ஒரு கையில் தடியைப் பிடித்தபடி, வேரோனிக்கா மற்றக் கையால் நதீஷாவுக்கு எழுதினாள்: 'அறையை எனக்கு வையும்.' 'ஓம்' என்று உடனே பதில் வந்தது. மனம் லேசாகுமென்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அந்த அறையின் யன்னலால் பார்த்தால் கார்ச் சில்லுகள்தான் தெரியும். அங்கிருந்து வேலைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். இங்கேயோ கால்வாய் ஒடுக்கம், இந்த நீளப் படகைத் திருப்ப இடமில்லை. கிழமை முடியும்வரை முன்னுக்குத்தான் போகவேண்டும்.

அடுத்த லொக்கில் றெமிஜியஸ் முன்பக்கமிருந்து கூப்பிட்டார்.

"இந்த முறை கட்டுறேல்லத்தானே?"

"உங்கட விருப்பம்."

அவர் வடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்து, தண்ணீர் இறங்க இறங்கக் கவனமாக விட்டுக்கொடுத்தார். அவள் பார்க்கிறாளா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். வேரோனிக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். படகு ஒரு பக்கமும் சரியாமல் ஈரச் சுவர்களுக்கிடையே கீழே போய்க்கொண்டிருந்தது.