கல்யாணப் பத்திரிகைத் தலைக்கவசம்

என் மாமா தன் எக்ஸ்ரே படத்தை எனக்குக் கொடுத்தபோது எனக்குப் பதினோரு வயது. அதுவரை அவர் எனக்குக் கொடுத்ததெல்லாம் பழங்கள்தான். அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. தென்காசியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, சீசன் வந்தால் ஐந்தருவிப் பக்கம் பழக்கடை போடுவார். ரம்புட்டான், மங்குஸ்தான், முட்டைப்பழம். சீசன் இல்லாத மாதங்களில் உன் தம்பி என்ன செய்கிறான் என்று அப்பா அம்மாவிடம் அடிக்கடி கேட்பார். அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதாவது தீயும்.

அந்த ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி என்றார்கள். யாரையும் கேட்காமல் விண்வெளி வீராங்கனை என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும் இருந்தன. தலைக்கவசம்தான் இல்லை. கடையில் அதன் விலையைக் கேட்ட அப்பா, போன வருஷம் கட்டிய பாரத மாதாவுக்கு என்ன குறைச்சல் என்றார்.

மாமாவின் செல்போனில் தேடினோம். காகிதத்தை வெட்டி மடித்து ஒட்டித் தலைக்கவசம் செய்வதற்கான வரைபடங்களை வெளிநாட்டுப் புண்ணியவான் ஒருவர் இலவசமாகப் போட்டிருந்தார். பன்னிரண்டு பக்கம். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி அப்படியே அச்செடுத்துக் கொடுத்தார். போடுகிறவரின் தலை அளவுக்குப் படத்தைச் சுருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். அதை யாரும் படிக்கவில்லை.

கெட்டி அட்டை வாங்கக் காசில்லை. அதற்குப் பதில் அம்மா பீரோ மேல் சேர்த்துவைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினோம். அச்செடுத்த தாள்களை அவற்றின்மேல் ஒட்டி வெட்டினேன். மை தீர்ந்த பேனாவால் கோட்டின்மேல் அழுத்திக் கீறினால் அட்டை சொன்னபடி மடியும் என்பதை மாமா கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் எண் இருக்கும். அதே எண் உள்ள இன்னொரு ஓரத்தோடு அதைச் சேர்க்க வேண்டும். முதல் நாள் நான் நாற்பத்தேழையும் நாற்பத்தொன்றையும் சேர்த்துவிட்டேன். நெற்றி வரவேண்டிய இடத்தில் தாடை வந்தது. பிரித்தபோது ஒரு மாப்பிள்ளையின் பெயர் பாதியாகக் கிழிந்தது.

வெளியே சாரல். மைதாப் பசை காய்வேனா என்றது. துணிக் கிளிப்புகளைப் பல் மாதிரி வரிசையாக மாட்டி, ஒரு துண்டு காய இரண்டு நாள் காத்திருப்பேன். மூன்றாம் வாரத்தில் ஒரு முழுத் தலை உருவாகி மேசைமேல் உட்கார்ந்திருந்தது. வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளிப் பெயின்ட்டைப் பூசினோம். வெளியே வெள்ளி. உள்ளே எட்டிப் பார்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையுமாக யார் யாருடைய பெயர்களோ.

முகத்துக்கு நேரே ஒட்டக் கறுப்பாக ஒளி ஊடுருவுகிற தாள் வேண்டியிருந்தது. மாமா மாடிக்குப் போய்ப் பழுப்பு உறை ஒன்றை எடுத்துவந்தார்.

"இத வெட்டி ஒட்டுவோம்ட்டி. நல்ல கறுப்பா இருக்கு."

"இது உங்க எலும்பா மாமா?"

"ஆமா. இருமல் விடலைன்னு திருநெல்வேலில எடுத்தாங்க. ஒண்ணுமில்ல. அம்மாட்ட சொல்லிக்கிட்டு இருக்காத, சும்மா பயந்துக்கிடுவா."

அவரே கத்தரித்தார். முதலில் பெயரும் தேதியும் இருந்த மூலையை. மீதித் துண்டுகளை வென்னீர் அடுப்பில் போட்டார். அந்த நாற்றம் சாயங்காலம்வரை போகவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும் இருந்தபோது அதைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விடுவதுபோல இருந்தது. எதிரே சுவர் இல்லை, கதவு இல்லை. கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள் வளைந்து வளைந்து நின்றன. ஒரே ஓர் இடம் மட்டும், வலது கண்ணுக்கு நேராக, நெல்லிக்காய் அளவுக்கு வெளிறி இருந்தது. அந்த வட்டத்தின் வழியாகப் பார்த்தால்தான் எல்லாம் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு அம்மா உள்ளே வந்தாள். அந்த வட்டத்துக்குள் நிற்கும்வரை அவள் அம்மாவாக இருந்தாள். ஓர் அடி விலகியதும் எலும்புகளுக்குள் போய்விட்டாள். நான் தலையைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தேன். அது உருண்டு, நிமிர்ந்து, என்னைப் பார்த்தபடி நின்றது.

அதன்பிறகு அதைத் தனியாகப் போடவில்லை. போட்டியன்று மேடையில் போட்டுத்தானே ஆகவேண்டும்? அது என் தலையில் குடத்தைக் கவிழ்த்ததுபோல ஆடியது; காதுக்கும் அட்டைக்கும் நடுவே மூன்று விரல் போனது. வட்டம் கண்ணைவிட்டு நழுவிவிட, கூட்டத்துக்குப் பதில் திரைச்சீலையைப் பார்த்து வணக்கம் சொன்னேன். முன்வரிசையில் ஒரு சிறு பிள்ளை வீறிட்டு அழுதது. பரிசு பாரத மாதாவுக்குப் போனது. அப்பாவும் கைதட்டினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவளிடமிருந்து மாமா அதை வாங்கித் தன் தலையில் மாட்டினார். இறங்கவே மாட்டேன் என்றது. காதுகளை மடக்கி, கன்னங்களை உள்ளே இழுத்துக்கொண்டு அழுத்தினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

"எனக்குன்னே செஞ்சிருக்கட்டி," என்றார் உள்ளேயிருந்து.

மறுநாளிலிருந்து கடையில் அதைப் போட்டுக்கொண்டே பழம் விற்றார். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிற குடும்பங்கள் நின்று படம் எடுத்தன. பிள்ளைகள் கிட்டே போய் அந்தக் கறுப்பில் தங்கள் முகம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். பின்னால் இருந்த எலும்புகளை யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட மட்டும், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கழற்றுவார். விடுமுறை நாளில் போய் உட்கார்ந்திருப்பேன். நாள் ஆக ஆக அவர் பேசுவது குறைந்தது. விலையைக்கூட விரல்களால் காட்டினார். அட்டைக்குள்ளிருந்து இருமல் மட்டும் வரும். காலிப் பானைக்குள் யாரோ இருமுவதுபோல.

வீட்டில் அம்மா, "ஏலே, ஏன் இப்படி ஒட்டிப்போயிட்ட? சாப்புடுதியா இல்லையா?" என்று கேட்பாள். சீசன் அலைச்சல் என்பார். அம்மாவும் அதை நம்பினாள். எங்களுக்கு நம்புவது வசதியாக இருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் கடைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மாமா எனக்கு முதுகைக் காட்டி அருவிப் பக்கம் பார்த்து நின்றிருந்தார். "மாமா" என்று கூப்பிட்டேன். உடம்பு என் பக்கம் திரும்பியது. தோள் திரும்பியது. தலை திரும்பவில்லை. அந்த வெள்ளி முகம் அருவியைப் பார்த்தபடியே நிற்க, குரல் மட்டும் காதுப் பக்கமிருந்து, "என்னட்டி?" என்றது. பிறகு அவர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, குழாயைத் திருகுவதுபோலத் திருப்பி, எனக்கு நேரே வைத்தார்.

"அட்ட ஊறிப்போச்சு மாமா. பெருசாயிட்டு."

அவர் விரலால் அட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"ஆமாட்டி. அட்டதான் பெருசாயிட்டு," என்றார்.

மாமா அடுத்த சீசனைப் பார்க்கவில்லை. அந்த எக்ஸ்ரே எடுத்த அன்றே டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நுரையீரலில் கட்டி, உடனே வந்து சேர வேண்டும் என்று. அவர் சீசன் முடியட்டும் என்று எழுந்து வந்துவிட்டார். நான் கண்ணை வைத்து உலகத்தைப் பார்த்த அந்த வெளிறிய வட்டம்தான் கட்டி. இதெல்லாம் அம்மாவுக்குத் தை மாதம் தெரிந்தது. எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்தது. செய்தவள் நான், பழுது பார்க்க வேண்டியவளும் நான். தலையை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தேன். எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்க்கக் கண்களை இறுக மூடிக்கொண்டு போட்டேன். என் காதுக்கும் அட்டைக்கும் நடுவே விரல்களை நுழைத்தேன். மூன்று விரல். மேடையில் ஆடிய அன்றும் மூன்று விரல்தான் போனது. மறுபக்கமும் பார்த்தேன், மூன்றுதான்.

அன்றைக்கு நான் சரியாக அளக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பழைய தலையணையிலிருந்து பஞ்சை எடுத்து உள்ளே இரண்டு பக்கமும் தடிமனாக ஒட்டினேன்.