மடக்குக் காசு

பத்து வயதில் எனக்கு வயிற்றுவலி வந்தால் வீட்டில் யாரும் மருந்து தேடமாட்டார்கள். நாளைக்கு என்ன பரீட்சை என்றுதான் கேட்பார்கள். அந்த வருடம் பரீட்சையே இல்லாமல் பத்து நாள் வலித்தது. எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் காசு வித்தை செய்வதாக நானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கொடுத்த கையோடு வலியும் ஆரம்பித்துவிட்டது.

அம்மாவின் போனில் பார்த்துத்தான் பழகினேன். காசை வலது உள்ளங்கையில் கவ்விக்கொண்டு, இடது கைக்கு மாற்றியதுபோலப் பாவனை செய்ய வேண்டும். அவ்வளவுதான். பத்து ரூபாய்க் காசுக்கும் பஞ்சமில்லை. எந்தக் கடைக்காரரும் அதை வாங்கமாட்டேன் என்றதால் வீட்டில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. நான் பாவனை செய்வேன். காசு டங்கென்று தரையில் விழும். சமையலறையிலிருந்து அம்மா, “விழுந்துருச்சா?” என்பாள். விழாத நாளே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரான்சிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பாரீசில் பெரிய ஆபீசில் வேலை என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். முந்தைய வருடம் அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியது. ஐந்து வருடம் கழித்து வந்தவர், காரைக்கால் வெயிலிலும் ஒரு சாம்பல் நிறத் தொப்பியைக் கழற்றாமல் திரிந்தார்.

என் காசு விழுகிற சத்தத்தை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து ஒரு ஈரோ காசை எடுத்துத் தந்தார். பார்த்தால் சாதாரணக் காசு. அழுத்தினால் மூன்றாக மடங்கியது. விளிம்பைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ரப்பர் வளையம். மடக்கித் தண்ணீர் பாட்டிலின் வாய்க்குள் நுழைத்துவிட்டால், உள்ளே போய் விரிந்து முழுக் காசாகக் கிடக்கும். காசு புதிதில்லை, நன்றாகத் தேய்ந்திருந்தது. மாற்று ரப்பர் ஒரு பொட்டலம் நிறைய வைத்திருந்தார். ஆபீஸ்காரருக்கு எதற்கு இத்தனை ரப்பர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆபீஸ் என்றால் ரப்பர் இருக்கத்தானே செய்யும்.

“எது மாமா நல்லது? இதா, கைவித்தையா?”

“மடக்குக் காசு இன்னைக்கே வந்துரும் பாப்பா. ஆனா ரப்பர் எப்ப அறுந்து போவும்னு சொல்ல முடியாது. கைவித்தைக்கு ஆறு மாசம் ஆவும். வந்துட்டா ஒன்ன விட்டுட்டுப் போவாது.”

“நீங்க செஞ்சு காட்டுங்களேன்.”

“எனக்கு எங்க தெரியும்?” என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஆறு மாதத்துக்கு நான் எங்கே போவேன்? திருவிழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. கைவித்தை என்றால் காசு கட்டாயம் விழும். மடக்குக் காசு என்றால் அறுந்தாலும் அறும், அறாமலும் இருக்கும். அதையே எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் வேறு பயம் பிடித்துக்கொண்டது. காசைக் கொடு பார்ப்போம் என்று யாராவது கேட்டுவிட்டால்? படுக்கப் போகும்போதெல்லாம் மாதாவிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான்: யாரும் காசைக் கேட்கக் கூடாது. மாதா அதை மட்டும் நிறைவேற்றினார்; காசை யாரும் கேட்கவில்லை.

மேடையேறினேன். ஈரோவைத் தூக்கிக் காட்டி, “இது பத்து ரூபாய் காசு” என்றேன். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள். தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் கணக்கு. வேறு ஊராக இருந்தால் பலித்திருக்கும். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்; பாதிப் பேர் வீட்டு அலமாரியில் ஈரோ கிடக்கிறது. முன்வரிசையில் வேறு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா உட்கார்ந்திருந்தார்.

“ஏ பாப்பா, அது ஈரோல்ல!”

மண்டபமே சிரித்தது. நான் பதற்றத்தில் காசைத் தப்பான பக்கம் மடக்கினேன். ரப்பர் அறுந்து மூன்று துண்டும் மேடையில் சிதறின. சிரிப்பு இன்னும் பெரிதானது. துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன்.

அப்போதுதான் மாமா மேடையேறினார். துண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்தா தாத்தாவிடம் ஒரு பத்து ரூபாய்க் காசு கேட்டு வாங்கினார். அது வலது கையிலிருந்து இடது கைக்குப் போனது; இடது கையைத் திறந்தால் காலி. என் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். முழங்கையில் தேய்த்தே கரைத்தார். கடைசியில் ஃபாதரின் அங்கிப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பின்வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். எனக்கு எங்க தெரியும் என்ற மனிதரின் விரல்களை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

கைதட்டல் அடங்கவில்லை. மாமா குனிந்து வணங்கினார். குனிந்த வாக்கில் தொப்பியைக் கழற்றி மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, “மெர்சி, மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னபடி மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையை நோக்கி மூன்று அடி வைத்துவிட்டார். நாலாவது அடி வைக்கவில்லை.

அதுவும் வித்தைதான் என்று மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ தொப்பிக்குள் சில்லறைகூடப் போட்டார்கள். சொல்தா தாத்தா மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுந்து வெளியே போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா அழுதுகொண்டே வந்தாள். நான் சொதப்பியதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

“ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று மாமாவைக் கேட்டாள்.

“விடுக்கா.”

மாமாவின் ஆபீஸ் மூடி நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடமும் பாரீஸ் ரயிலடிப் படிக்கட்டில் நின்று காசு வித்தை காட்டித்தான் பிழைத்திருக்கிறார். எங்கள் மாடி அந்தத் தொப்பிக்குள் விழுந்த சில்லறையில் எழும்பியது. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குக் கவலையெல்லாம் அடுத்த வருடத் திருவிழாவைப் பற்றி. மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, அந்தத் தொப்பி வித்தையையும் சொல்லிக் குடுங்க. அதுக்குத்தான் எல்லாரும் ரொம்பச் சிரிச்சாங்க.”