கறண்டா காஸா: பரீனாவின் மருந்துத் தண்ணீர்

வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ளும் கல்முனையில், சுடுதண்ணீரால் ஒரு வீடு இரண்டுபட்டது. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற அப்னாவுக்குத் தையல் காய்ந்துவிட்டது, குளிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும்வரை நொச்சியும் பாவட்டையும் அவித்த தண்ணீரில்தான் மகள் குளிப்பாள் என்பதில் தாய் பரீனா உறுதியாக இருந்தாள். போன வருஷம் முறிந்த அவளது மணிக்கட்டுக்கு அந்த உறுதி இல்லை. சமையலறையிலிருந்து வளவுக் கோடியில் இருந்த குளியலறைக்குப் பானையைத் தூக்க அதனால் முடியாது.

குளியலறைக்குள்ளேயே காஸ் அடுப்பு வைப்போம் என்றாள் பரீனா. கறண்ட் ஹீட்டர் என்றான் மருமகன் இன்ஷாப். ஊர் வழக்கப்படி அவன் மாமி வீட்டில் குடியிருந்தான். அதே வழக்கப்படி மாமியோடு நேரே கதைப்பதில்லை. எனவே கதவுக்கு இரு புறமும் நின்று, கட்டிலில் கிடந்த அப்னா வழியாக வாதாடினார்கள்.

“ஹீட்டருக்குள்ள இலைய அவிக்க ஏலுமா எண்டு கேளு மகள்.”

“பூட்டின பாத்ரூமுக்குள்ள காஸ் எரிச்சா மூச்சு முட்டும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லு.”

“மழைக்குக் கறண்ட் போனா பச்சத் தண்ணியா வாக்கிற?”

“காஸ் முடிஞ்சா மட்டும்?”

அப்னா கண்ணைத் திறக்கவில்லை. “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது. என்னை ஏன் டெலிபோனாக்குறீங்க?”

இருவரும் சொன்னது சரியாக இருந்ததுதான் தொல்லை. பரீனா கடைத்தெருவுக்குப் போய், இலை அவிக்கிற ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுக் கடைக்காரரைத் திகைக்க வைத்தாள். திரும்பும்போது முடிவோடு வந்தாள்: தண்ணீர் கறண்டில் சுடட்டும், இலை சமையலறைக் காஸில் சின்னச் சட்டியில் கசாயமாக வற்றட்டும், பிறகு இரண்டையும் கலக்கலாம். சட்டியைக் கை தாங்கும். ஹீட்டர் அன்றே சுவரேறியது.

முதல் குளிப்பன்று அப்னா போய்க் குளியலறை முக்காலியில் உட்கார, கறண்ட் போனது.

பரீனா சளைக்கவில்லை. பானையைக் காஸில் ஏற்றி, செம்பு செம்பாக நிரப்பி, கொதிக்க வைத்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். இன்ஷாப் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மகன், வந்து பானையத் தூக்குங்க.”

யாரைச் சொல்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை.

“ஓம் மாமி.”

குளியலறை வாசலில் பழக்கம் விடவில்லை. “எங்க வெக்கிற எண்டு மாமிக்கிட்டக் கேளு,” என்றான் அப்னாவிடம்.

“என்னக்கிட்டயே கேளுங்க,” என்று பரீனா குறுக்கிட்டாள். “முக்காலிக்குப் பக்கத்துல.”

அவன் பானையை இறக்கவும் கறண்ட் வரவும் சரியாக இருந்தது. ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“அத நிப்பாட்டிட்டுப் போங்க மகன்,” என்றாள் பரீனா. “நாளைக்கும் பானை தூக்க இருக்கு, வெள்ளன எழும்புங்க.”