மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

பெரியம்மா தலையாட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால் பரங்கிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. "மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. இங்கேயே போடுவாங்க, காசு இல்ல. ஒண்ணுகூட விடக் கூடாது. விட்டா இப்ப மூட்டுல இருக்கிறது பின்னாடி இதயத்துல போய் உக்காந்துக்கும். புரியுதாம்மா?" என்று டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். பெரியம்மா இரண்டு முறை தலையாட்டினாள். "புரியுதுங்க" என்று வாயாலும் சொன்னாள். அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது அவளுக்காகப் பரிந்து பேசினால், அந்தத் தலையாட்டலைத்தான் நான் அவர்களிடம் சொல்வேன்.

எண்பத்தொன்பதில் அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நாற்று நடவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்குத் திருவண்ணாமலையில், கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜ் இருந்தது. "டவுன்ல படிக்கட்டும், என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்று அழைத்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கு முன்னும் பின்னும் மூன்று மாடி ஏறி இறங்கிப் படுக்கை விரிப்புகளை அள்ளி வந்து பின்கட்டில் துவைக்க வேண்டும். நான் படுத்தது படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில். அதற்கு ஜன்னல் கிடையாது. சமையல்காரம்மா, அவருடைய இரண்டு பிள்ளைகள், கூட்டிப் பெருக்குகிற ஓர் அக்கா, நான் என்று ஐந்து பேர். மழைக்காலத்தில் காயாத விரிப்புகளும் எங்கள் தலைக்கு மேல் கொடியில் தொங்கும். ஒருவருக்கு இருமல் வந்தால் ஐந்து பேருக்கும் வரும். மாடியில் பெரியம்மாவின் வீட்டில் ஓர் அறை பழைய கட்டில்களைப் போட்டுப் பூட்டிக் கிடந்தது.

அடுத்த வருஷம் எனக்குத் தொண்டைவலி வந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்தன. அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கியது, பிறகு அடுத்த முழங்கால். வலி இடம் மாறியதே பெரியம்மாவுக்குச் சந்தேகமாகப் போயிற்று. "நேத்து இந்தக் காலு, இன்னிக்கு அந்தக் காலா? வேலைக்குப் பயந்துக்கினு நடிக்கிறா" என்றாள். நான் கக்கூசுக்குத் தவழ்ந்து போனதை லாட்ஜில் தங்கியிருந்த ஒருவர் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அந்த ஊசி லேசுப்பட்டதில்லை. இடுப்பில் போட்டால் ஒரு கல்லை உள்ளே வைத்துத் தைத்துவிட்டது போல இருக்கும். இரண்டு நாளைக்குக் காலை இழுத்துத்தான் நடக்க முடியும். நான்கு ஊசி போட்டார்கள். ஐந்தாவது, கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் வந்தது. லாட்ஜ் வராந்தாவில்கூடப் பாய் விரித்து ஆட்கள் படுக்கிற நாட்கள் அவை. "ஊசி போட்டா ரெண்டு நாளு மாடி ஏறமாட்டா. இந்தக் கூட்டத்துல யாரு துணி எடுக்கறது? தீபம் முடியட்டும்" என்றாள் பெரியம்மா. தீபம் முடிந்ததும் ஐயப்ப சாமிகள் வருவார்கள் என்றாள், அப்புறம் பொங்கல் என்றாள், அதற்கப்புறம் "இப்பதான் நல்லா ஓடறாளே, எதுக்கு ஊசி?" என்றாள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். வலிக்கிற ஊசி வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளை அழும்? "நீயே போயிருக்கலாமே" என்று என் கணவர்கூட ஒருமுறை கேட்டார். பதினோரு வயதில் நான் ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்கள், நாற்பது வயதுக்காரி ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்பதில்லை. அன்று அவரோடு நான் பேசவில்லை.

கல்யாணமாகி வேங்கிக்காலில் குடியேறினோம். ஆறாம் மாதக் கர்ப்பத்தில் ஒரு குடம் தண்ணீர் தூக்குவதற்குள் மூச்சு முட்டியது. மார்பில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர் நிமிர்ந்து, "சின்ன வயசுல மூட்டு மாத்தி மாத்தி வீங்குச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதய வால்வு சுருங்கியிருந்தது. சென்னைக்குக் கொண்டுபோய்த் தொடை வழியாக பலூன் செலுத்தித் திறந்தார்கள். நானும் பிழைத்தேன், மகளும் பிழைத்தாள். இன்னொரு குழந்தை கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இட நெருக்கடியான வீடுகளில் வளர்கிற ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது என்று டாக்டர் விளக்கினார். நான் வளர்ந்தது மூன்று மாடி வீட்டில் என்று அவரிடம் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி மறுபடி ஆரம்பமாயிற்று.

ஐந்து வருஷம் கழித்துப் பெரியம்மா தன் மகனுக்குப் பெண் பார்த்தாள். அவன் எனக்குத் தம்பி. என்னைவிட நான்கு வயது சின்னவன். சின்ன வயதில் தன் பன்னில் பாதியைப் பிய்த்துப் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்து கொடுத்தவன். பெண் கொடுக்கும் முன் அந்த வீட்டில் இருந்தவர்களைத் தேடிப்போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தார். முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தேன். காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

"காலுக்கு என்னாம்மா?" என்று கேட்டார்.

"ஊசி போட்டேங்க. ரெண்டு நாளைக்கு இப்படித்தான் இருக்கும்."

"என்னா ஊசி?"

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையிலிருந்து பலூன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில், "பையன் எப்படிம்மா?" என்று கேட்டார். இந்தச் சம்பந்தத்தில் இன்னும் மனசு விட்டுப்போகவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. தங்கமான பையன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். விசாரிக்க வந்தவர்களிடம் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "காபி ஆறுதுங்க" என்றேன்.

சம்பந்தம் நின்றுபோயிற்று. கேட்டபோது எனக்கு இனித்தது. பத்து நாளில் பெரியம்மா வந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

"என் பையன் உன்ன என்னாடி பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல, பெரியம்மா."

"அப்புறம் ஏன்டி அவன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட?"

"பதினோரு வயசுல நான் உங்கள என்னா பண்ணேன்? அத நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

"அந்தக் காலத்துல யாருக்குடி இதெல்லாம் தெரியும்?" என்றாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க தலையாட்டினீங்க."

அவள் திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வயதாகியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

சில மாதம் கழித்துத் தேரடி வீதியில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். தம்பி பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். அவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலு பேர் முன்னால் திட்டப் போகிறான் என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஊசியெல்லாம் விடாம போட்டுக்கறியா?" என்று கேட்டான்.

"ம்."

"விட்டுடாதக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பூக்காரம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பூவை வாங்கினேன். வீட்டுக்கு வந்தும் வேலை ஓடவில்லை. பெண்ணின் அம்மா மறுபடியும் வந்து பையன் எப்படி என்று கேட்டால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் தங்கம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் சொல்லமாட்டேன்.