மூன்று ராஜாக்கள் தங்கிய கடைசி வீடு

இந்த ஜனவரி ஐந்தாம் தேதி மீனாட்சிபுரத்திலிருந்து வண்டிப்பெரியாருக்குப் போய்வந்தேன். குமுளியில் படகுச் சவாரி, ஏலக்காய் என்று வீட்டில் அளந்துவிட்டுக் கிளம்பினேன். உண்மையில் போனது ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க. அப்பாவுக்குத் தெரிந்தால் விட்டிருக்க மாட்டார். தப்பு அவருடையது.

காலை 5.10க்கு முதல் பஸ். பொள்ளாச்சி, பழநி, தேனி, குமுளி என்று மாறி மாறி வண்டிப்பெரியார் சேர மாலை 3.20. சுமார் 260 கிலோமீட்டர், மொத்தம் 410 ரூபாய். பழநியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குமுளி மலை வளைவுகளில் நிறைந்த வயிறு நமக்கு எதிரி.

எஸ்டேட்டுக்கு ஆறு கிலோமீட்டர், ஜீப்புக்கு 300 ரூபாய். அந்தோணி மாமா வீடு என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ராஜா கூடைக்காரரா? நல்லாத்தான் இருக்காருக்கா. முழங்கால் மட்டும் ஸ்டிரைக் பண்ணுது."

மாமா இருப்பது எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். நான் பிறந்தது அங்கேதான். எங்கள் பக்கத்து வீடு அந்தோணி மாமாவுடையது. கிறிஸ்துமஸுக்கு அவர் குடில் வைப்பார். குழந்தை இயேசு, மாடு, ஆடு எல்லாம் இருக்கும். குழந்தையைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் பொம்மைகள் மட்டும் இருக்காது. அவர்கள் ஒரு கூடையில் ஏறி தினம் ஒரு வீட்டில் ராத்தங்கி, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் குடிலுக்கு வந்துசேர்வார்கள். தங்குவதெல்லாம் எங்களைப் போன்ற இந்து வீடுகளில் மட்டும். "அவங்க மூணு பேரும் வேற சாமி கும்பிட்டவங்க. சாமி அவங்களுக்கும் தன்னைக் காட்டுன நாளாக்கும் இது," என்பார் மாமா. கடைசி இரவு எங்கள் வீட்டு முறை. நான் தூங்கவே மாட்டேன். அவ்வளவு பெருமை!

எனக்குப் பதினொரு வயதானபோது தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அது முடியும் முன்பே மாமா முதல் ஆளாக வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த ஐந்தாம் தேதி மாலை அவர் கூடையோடு தூறலில் வந்து நிற்க, அப்பா முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். வெட்கத்தில் மறுநாள் நான் குடில் பக்கமே போகவில்லை. அந்த மாதமே மீனாட்சிபுரத்தில் இருந்த என் தாய்மாமன் தோப்புக்குக் குடிபெயர்ந்தோம். அந்தக் கதவைச் சாத்தியதற்காக முப்பது வருடமாக அப்பாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அந்தோணி மாமா என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சுக்குக் காப்பி வந்தது. நான் அழுதுகொண்டே சொல்லவந்ததைச் சொன்னேன். அவர் விழித்தார்.

"உனக்குத் தெரியாதா மக்கா? நான் கூடைய உங்க வீட்டுப் படியில வச்சுட்டு வந்துட்டேன். விடியக்காலம் உங்கப்பாதான் எடுத்துட்டு வந்தான். அவன் வேலைக்குப் போத்திட்டுப் போற கம்பளி இருக்குல்லா, அதுல மூணு ராஜாவையும் சுத்தியிருந்தான். ஒரு பொட்டு ஈரம் இல்ல. அவன் கையாலேயே குடில்ல வச்சான். எங்கிட்ட ஒரு வார்த்த பேசலை, போயிட்டான்."

எத்தனை தீபாவளி, எத்தனை பொங்கல் அந்த மனிதருக்குச் சோற்றை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறேன்!

போக நினைப்பவர்களுக்கு: சர்ச்சில் இத்திருநாளைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுவதுண்டு. இந்த லயத்தில் ஆறாம் தேதிதான். இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் ராஜாக்கள் ஒரே வீட்டில் மூன்று நாள்கூடத் தங்குகிறார்கள். ஸ்வெட்டர் அவசியம். திரும்பும் ஜீப்பை முன்பே பேசிவையுங்கள். யார் மேலாவது வருத்தம் இருந்தால், கிளம்பும் முன் அவரிடமே ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் தேதி காலை குடிலைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். படகு, ஏலக்காய் எதுவும் சொல்லவில்லை. வண்டிப்பெரியாரில் இருக்கிறேன், மாமாவைப் பார்த்தேன் என்றேன். அப்பா மெதுவாகக் கேட்டார்:

"அந்தோணி உன்ன வீட்டுக்குள்ள கூப்பிட்டானாம்மா?"