எல்பர்ட் ஸ்ட்ரவுட் ஜெயிச்ச கதை

ஸ்ட்ரவுட் பேரைச் சொன்னாலே எனக்குக் குமட்டும். ஒஹையோவுல எங்க ஊர்க் கல்லூரிக்கு அந்த ஆளு கோச்சா வந்தது 1897ல. மொதல்ல பேஸ்பால் மட்டும்தான் சொல்லிக் குடுத்தான். நல்லாத்தான் குடுத்தான், பொய் சொல்லக் கூடாது. பசங்க சட்டையில புல்லுக்கறைதான் இருக்கும். துவைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஃபுட்பாலும் அவன் கைக்கு வந்துச்சு. பந்தை மாரோட அணைச்சுக்கிட்டு ஒருத்தன் எதிர்க்கோடியில இருக்கிற கம்பத்தைத் தாண்டி ஓடணும், எதிராளுங்க மொத்தமா அவன் மேல விழுவாங்க. அதைப் பாக்க மூவாயிரம் பேரு கூடினதும் ஸ்ட்ரவுட்டுக்குத் தலைகால் புரியல. "ஜெயிக்கிற வரைக்கும் வேலை உங்களுக்குத்தான்"னு கல்லூரித் தலைவரே சொல்லிட்டாரு. அவரு பாதிரியாரு வேற. சட்டையெல்லாம் ரத்தமா வர ஆரம்பிச்சது.

1903 அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை ஆட்டம். எங்க தெருவுல குடியிருந்த காஸ்பர் வைனிங் தலையில முழங்கால் இடிச்சு விழுந்தான். பத்தொன்பது வயசு. எழுந்து தள்ளாடி வந்து, "கோச், நாம எந்தப் பக்கம்?"னு கேட்டான்.

"பையன் கண்ணு சரியில்ல, வெளியே உக்கார வைங்க"ன்னாரு டாக்டர் மெல்லர்.

ஒரு தடவை வெளியே போனவன் திரும்ப ஆட முடியாது, அதான் அப்போ விதி. காஸ்பரை விட்டா ஓடுறதுக்கு ஆளில்ல.

"நிக்கிறானா இல்லையா?"ன்னான் ஸ்ட்ரவுட்.

"நிக்கிறான், ஆனா..."

"நின்னா ஆடுவான். நீங்க போய் உக்காருங்க டாக்டர்." காஸ்பர் தோளைத் தட்டி, "அந்தக் கம்பத்தைப் பாத்து ஓடு தம்பி, அது போதும்"னான்.

ஓடினான். ஜெயிச்சோம். ஸ்ட்ரவுட்டைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. காஸ்பர் மறுநாள் காலையில செத்துட்டான்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா அந்த மனுஷன் அங்க விம்மி விம்மி அழுதான். சாயங்காலம் அழுக்குமூட்டையோட என் வாசல்ல வந்து நின்னான்.

"ஹுல்டாம்மா, வைனிங் சட்டையை மொதல்ல துவைச்சுடுங்க. அவன் இடத்துக்குப் புதுசா வர்ற ஹார்லனுக்கு அளவு சரியா இருக்கும். சனிக்கிழமைக்கு வேணும்."

"வெக்கமா இல்லையா கோச்?"

"ஆட்டத்தை நிறுத்தினா செத்தவன் திரும்பி வருவானா?"ன்னான்.

அதுக்கப்புறமும் பதினோரு வருஷம் அங்கேயேதான் இருந்தான். இப்போ மைதானத்துக்கே அவன் பேரு. தூ.

நானும் யோக்கியம் இல்ல. சட்டையை அலசி, வெளுத்து, இஸ்திரி போட்டுக் குடுத்தேன். சனிக்கிழமை ஹார்லன் அதைப் போட்டுக்கிட்டு கம்பத்தைத் தாண்டினப்போ, ஊரோட சேந்து நானும் எழுந்து நின்னு கை தட்டினேன்.